முந்நூற்று அறுபத்தொன்று

மூலக்கடையிலிருந்து பெரம்பூர் மண்டபத்துக்குக்
குட்டியானையில் மூன்று நடை.
முந்நூற்று அறுபது நாற்காலி.
அடுக்குக்கு இருபது, அடுக்கு பதினெட்டு.
எண்ணிக் கையெழுத்துப் போட்டது நான்.

நல்ல எண் அது, முகம் சுளிக்காது.
பன்னிரண்டாக நில் என்றால் முப்பது வரிசை நிற்கும்.
பதினைந்தா, சரி, இருபத்துநான்கு.
கூடம் எத்தனை அகலமானாலும்
மடியில் ஒரு காரணி முடிந்து வைத்திருக்கும்.
ஏழைக் கண்டால்தான் கையை விரிக்கும்.
எண்ணைத்தான் சொல்கிறேன்.

பத்தரை மணிக்கு எட்வின்
ஒன்றின்மேல் ஏறி சீரியல் பல்பு மாட்டினான்.
கால் போனது. நாற்காலியின் கால்.
முந்நூற்று ஐம்பத்தொன்பது.
மூன்றால் போகவில்லை, ஐந்தால், ஏழால்,
பதினொன்றால், பதின்மூன்றால், பதினேழால்.
செல்போனில் அழுத்த அழுத்த
புள்ளி வைத்து வால் நீட்டியது.
பகா எண்.
ஒரே வரிசையாகப் போட்டால் உண்டு,
வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி.

தேசப்பன் அண்ணன் போனில் கத்திவிட்டு
ஒன்று கேட்டதற்கு இரண்டாக அனுப்பினார்.
முந்நூற்று அறுபத்தொன்று.
ஒன்றை ஓரம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.
பத்தொன்பதைப் பத்தொன்பதால் பெருக்கிப் பாருங்கள்:
ஒரு மூலை பிசகாமல்
சதுரமாக உட்கார்ந்தது கூடம்.
நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"நடுவுல வழி எங்கப்பா?"
வீடியோக்காரர் ஜபருல்லா.
மேடைக்கு நேர் எதிரே, நட்டநடுவில்
ஒரு பத்தி நாற்காலி முறைத்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பதைப் பிரித்தால்
ஒரு வீட்டுக்கு ஒன்பது, இன்னொரு வீட்டுக்குப் பத்து.
அந்தப் பத்து யாருக்கு என்று
இரண்டு சித்தப்பாக்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அப்போதுதான் உறைத்தது.
ஒற்றையின் வீட்டுக்குள்
இரட்டை ஒருநாளும் குடிவராது,
எத்தனை பெரிய வீடானாலும்.
இரட்டையின் வீட்டில் ஒற்றைக்குத் திண்டாட்டமில்லை:
பதினெட்டுக்குள் ஒன்பது இருக்கிறது, இருபதுக்குள் ஐந்து.
எட்டும் பதினாறும்தான்
ஒன்றைத் தவிர வேறு ஒற்றைக்குக் கதவு திறக்காத பிடிவாதக்காரர்கள்.

நடுப் பத்தியை உருவினேன்.
இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது,
இடையே கேமரா உருண்டு போனது.
வேட்டிகள் இறங்கின.
உருவிய பத்தொன்பதையும்
பந்திக் கூடத்தின் பின்வாசலில் போட்டேன்,
இலை எடுப்பவர்கள் நிற்கிற இடத்தில்.

வகுத்தால் வருவதற்கு ஈவு என்று பெயர்.
இரக்கத்தோடு சேர்த்துச் சொல்கிறோமே, அதே ஈவு.
கணக்கு வாத்தியார் யாரும்
இதைச் சொன்னதாக ஞாபகமில்லை.

மூன்றாம் பந்தி எழுந்ததும் வந்தாள் லீலாவதி,
முழங்கைவரை சாம்பார்.
"யாருக்கு இதெல்லாம்?"
"மீதிக்கா."
"நாங்க பதினாறு பேரு" என்றவள்
உட்கார்ந்து, எண்ணி,
"மூணு மிச்சம்" என்று
ஒன்றை இழுத்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டாள்.

ராத்திரி ஒன்றரைக்குத் திரும்ப அடுக்கினோம்.
இருபது, இருபது, பதினெட்டு அடுக்கு.
எந்த அடுக்கிலும் சேராமல் ஒன்று நின்றது.
கடைசி நடையில்
அதில் உட்கார்ந்துதான் வந்தேன்,
குட்டியானையின் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி,
மூலக்கடை வரை.