பிரிபடாத பாகம்

எழும்பூரில் ஏறும்போதே கேட்டுவிட்டார்,
செட்டிநாடு ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்குமென்று.
ஒன்று, என்றேன்.
அதன்பின் அவர் படுக்கவேயில்லை.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
வண்டி மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம்
எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

சோங் ஞுக் லான். வயது அறுபத்தொன்று. ஈப்போ.
காலஞ்சென்ற வயிரவனின் மனைவி.
என் கோப்பில் இவ்வளவுதான்.
நான் மதிப்பீட்டாளன், வீட்டுக்கு விலை சொல்கிறவன்.
முப்பத்தேழு பங்கில் முப்பத்தாறு
கையெழுத்தாகிவிட்டது.

திருச்சி தாண்டியதும்
சந்தையில் பழகிய தமிழில் சொன்னார்:
இப்படித்தான் ஒரு தடவை ரயிலேறிப் போனாராம்,
சீனத்தில், மலைக்கு நடுவில்,
தன் பாட்டன்மார் விட்டுவந்த வட்ட வீட்டுக்கு.
வெளியே மண்சுவர், ஒரே வாசல்,
உள்ளே நாலு மாடி, எண்பது குடும்பம்.
"மேலேர்ந்து பாத்தா மெதுவடை."

ஹக்கா என்றால் விருந்தாளி வீட்டார் என்று அர்த்தமாம்.
விருந்தாளி கட்டிய சுவர்
ஏன் ஓராள் நீளத் தடிமன் என்றேன்.
விருந்தாளிக்குத்தானே பயம் அதிகம், என்றார்.

கீழே அடுப்பு, அதன்மேல் நெல்,
அதற்கும் மேலே படுக்கை:
மேலிருந்து கீழ்வரை கத்தி வைத்த மாதிரி
குடும்பத்துக்கு ஒரு துண்டு.
"என் துண்டு எதுன்னு தெரிஞ்சது.
கதவைத் தொட்டுட்டு வந்தேன்.
உள்ளே வேற யாரோ துணி காயப்போட்டிருந்தாங்க."

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம்.
இருட்டில் குதித்தோம்.
என் ஒரு செருப்பு மட்டும் ராமேஸ்வரம் போயிற்று.

வீடு இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
சாவி, ஒரு சாண் இரும்பு, உமையாளிடம்.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு.
கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை,
எல்லா அறைக்கும் சேர்த்து ஒரே சதுர வானம்.
தேக்குத் தூணை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
நேரே போனது பின்கட்டில்
பூச்சு உதிர்ந்த சுவரிடம்.
இதுக்குள்ள என்ன?

சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு,
கருப்பட்டி, என்றார் உமையாள்.
எங்களுதில் செம்மண், ஒட்டரிசிக் கஞ்சி,
பழுப்புச் சர்க்கரை, என்றார் இவர்.
"எறும்பு வருமா?"
"வரும்."
"இங்கயுந்தான்."
இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை,
அப்போது ஓட்டைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பத்திரத்தை விரித்தோம்.
பேனாவைத் திறந்து நீட்டினேன்.
"இதில் என் துண்டு எது?"

அப்படிக் காட்ட முடியாதம்மா.
பிரிபடாத பாகம்.
இந்தத் தூண் உங்களுடையது என்று சொல்ல முடியாது,
இல்லை என்றும் சொல்ல முடியாது.
கிணற்றில் ஒரு வாளி மொண்டால்
அதில் முப்பத்தேழில் ஒன்று, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் வளவில் நின்றார்.
ஒரு காகம் சதுரத்தைக் குறுக்கே கடந்தது.

"வருஷத்துக்கு எத்தனை நாள்?"
புரியவில்லை எனக்கு.
"முப்பத்தேழில் ஒண்ணு. நாளாச் சொல்லுங்க."
கால்குலேட்டரைத் தட்டினேன்.
ஒன்பது புள்ளி எட்டு ஆறு.

பேனாவின் மூடியை அவரே மூடினார்.
பத்தாம் நாள் சாயங்காலம்
அந்த 'புள்ளி எட்டு ஆறு' ஆனதும் கிளம்புகிறேன்,
அதன்பிறகு பேசலாம், என்றார்.
உமையாள் என்னைப் பார்த்தார்.
நான் ஓட்டைப் பார்த்தேன்.
எந்த அறை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை.
வாளி எங்கே, மோட்டார் சுவிட்ச் எது என்று
உமையாளிடம் விசாரித்துக்கொண்டே
பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

படிவத்தில் 'குடியிருப்போர்' என்ற கட்டத்தில்
சென்னையிலேயே 'யாருமில்லை' என்று எழுதி வந்திருந்தேன்.
ஸ்டேஷன் பெஞ்சில், புதுச் செருப்பு கடிக்க,
அதை அடித்தேன்.
'ஞு' எப்படி எழுதுவதென்று
இரண்டு தடவை தப்பாயிற்று.