நூற்று நாற்பதுக்குக் கீழே

ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்
அந்தத் தாளையும் மடித்து வைத்திருக்கிறேன்.
பெரியவர் இரண்டு, சிறுவர் இரண்டு
என்று சுத்தமாகத்தான் ஆரம்பித்தது.
பிறகு அடித்தல், திருத்தல்,
என் எழுத்தின் மேல் அமலதாஸின் எழுத்து:
‘லாக்கர் வேண்டாம்.
என் செருப்பை எவன் திருடுவான்?’

சனி ஞாயிறு டிக்கெட் விலை கூட.
ஆகவே செவ்வாய்.
செவ்வாயில் எனக்கு லீவு கிடையாது.
அவருக்கு லோடு வராத நாள் எதுவென்று
அவர் ஆட்டோவுக்கே தெரியாது.

லக்கரேயிலிருந்து பிடதி.
‘லக்கேஜ் ஆட்டோதானே,
பின்னால் பாய் விரித்தால் போச்சு’ என்றார்.
கெங்கேரி தாண்டுவதற்குள் போலீஸ்காரர்
நம் சுற்றுலாவை முடித்துவைப்பார் என்றேன்.
மெட்ரோ, மெஜஸ்டிக்கில் மாறி இன்னொரு மெட்ரோ,
அதன்பின் பஸ்.
எழுதினேன். கூட்டினேன்.
பாயே தேவலாம் போலிருந்தது.

சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்.
எலுமிச்சை சாதத்தை
காலை ஒன்பதரைக்கே வாசலில் வைத்து
மதியத்துக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.
பருத்தி உடுத்தித் தண்ணீரில் இறங்கக்கூடாதாம்.
அது பரவாயில்லை,
கம்பெனியில் கழித்துப்போட்ட நைலான் பேன்ட்
கிலோ கணக்கில் கிடைக்கிறது.
இடது கால் வலதைவிட ஒரு விரல் நீளம்.
தண்ணீருக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

கணக்கு இடித்தது வேறு இடத்தில்.
சிறுவர் என்றால் அங்கே வயது இல்லை, உயரம்.
நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
அதைத் தொட்டால் முழு டிக்கெட்.

என் வேலையே அதுதான்.
நாளொன்றுக்கு அறுநூறு சட்டை,
தோள், காலர், கைநீளம்.
அரை சென்டி கூடினாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் தள்ளுவேன்.
அதே நாடாவால் பெனிட்டாவைக் கதவோரம் நிறுத்தி அளந்தேன்.

ஜனவரியில் நூற்று முப்பத்தாறரை.
டப்பாவில் ஆயிரத்து தொள்ளாயிரம்.
ஈஸ்டர் முடிந்து நூற்று முப்பத்தெட்டு.
ஆட்டோவுக்கு கியர்பாக்ஸ் போனதில்
டப்பாவில் நானூறு.
ஜூலையில் சீட்டு விழுந்தது.
அவள் நூற்று முப்பத்தொன்பதே கால்.
பணம் சறுக்கிச் சறுக்கி ஏறியது,
அவள் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை.

‘காலையில் அளக்காதேம்மா,
ராத்திரி என்றால் மனிதர்கள் கொஞ்சம் குட்டையாம்,
சயின்ஸ் மிஸ் சொன்னாங்க’ என்றான் ஜெரின்.
ராத்திரியில் அளந்தேன்.
கால் சென்டி குறைந்திருந்தது.
பொன் கிடைத்தது போல் சிரித்தோம், நானும் அவரும்.
அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை.

போன வியாழன், ஷிப்ட் முடிந்து வருகிறேன்,
எதிர்ச் சந்தில் ஒரு பெண்
முழங்காலை லேசாக மடித்து
தோளை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.
யார் பிள்ளையோ, பை கனம் போல என்று நினைத்தேன்.
கிட்டே வந்ததும் என் பிள்ளை.
‘ஏண்டி இப்படி நடக்கிற?’
‘பழகிக்கிறேன்.
கேட்ல அளப்பாங்க இல்ல?’

வீட்டுக்கு வந்து நாடாவை எடுத்தேன்.
நேராக நில் என்றேன்.
இன்னும் நேராக.
குதிகால் சுவரில் படட்டும்,
முகவாயைத் தூக்கு.
நூற்று நாற்பதரை.

ஸ்டிக்கர் ஒட்டும் விரல்
சும்மா இருந்தது கொஞ்ச நேரம்.
‘அந்தப் பெரிய ராட்டினத்தில்
நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் ஏற்ற மாட்டாங்க’
என்றாள், சுவரைப் பார்த்து.
இத்தனை மாதமும்
இது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தாளை விரித்தேன்.
பெரியவர் மூன்று. சிறுவர் ஒன்று.
நானூற்று அறுபது ரூபாய் துண்டு விழுகிறது.
அமலதாஸ் நெடுநேரம் பார்த்துவிட்டு
‘டீ வேண்டாம்’ என்று எழுதினார்.
டீயை எத்தனை தரம் அடித்தாலும்
நானூற்று அறுபது வராது,
அவருக்கும் தெரியும்.

ஜெரின் தானாகவே வந்து
கதவோரம் முதுகைச் சாய்த்தான்.
நூற்றுப் பதினெட்டு.
‘எனக்கு ஒண்ணும் அவசரமில்லை’ என்றான்,
வயிற்றை எக்கிக்கொண்டு.