முன்னாள்

தொழில் என்ற கட்டத்தில் ஏதோ எழுதி,
அடித்து, பக்கத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தார்.
அடித்ததைப் படிப்பது எனக்குப் பழக்கம்.
தீர்மான நோட்டில் ஐந்து வருஷம் அதைத்தான் படித்தேன்.
பிரதமர்.

கானாடுகாத்தானில் எங்கள் விடுதிக்கு
பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள், சினிமாக்காரர்கள் வருவார்கள்,
கல்யாணப் போட்டோவுக்குச் சென்னையிலிருந்து ஜோடிகள் வரும்.
பிரதமர் வந்ததில்லை.
கரீபியன் கடலில் ஒரு தீவாம். பெயரைச் சொன்னார்,
ஏதோ ஒரு மீனைக் கூப்பிட்டது போலிருந்தது.
மொத்த ஜனமே நம்ம காரைக்குடி அளவுக்கு வராது என்று
வரவேற்பில் இருக்கும் சொர்ணவல்லி போனில் பார்த்துச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
ஆயிரத்து நானூறு ஓட்டுள்ள ஊராட்சியே
ஒரு மனுஷியைத் தூங்கவிடாது.

எவரார்ட் ப்ரூடென்ட், ஏழாம் நம்பர் அறை.
விடியுமுன் எழுந்து வாசலில் நிற்பார்,
யாரோ ஃபைல் கட்டோடு வரவேண்டியது போல.
சலவைச் சீட்டுக்கும் முழுக் கையெழுத்து,
அடியில் ஒரு கோடு.

மூன்றாம் நாள் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு சொன்னார்.
என் ஆங்கிலம் வெந்நீர், துண்டு, காலை உணவு வரைக்கும்தான்;
மீதியைச் சொர்ணவல்லி நிரப்பினாள்.
வாழைத்தோட்டக் கூலிகளுக்குச் சங்கம் வைத்தது,
பதினோரு நாள் ஜெயில்,
முப்பத்து நாலு வயதில் தோளில் தூக்கிப் போனது,
மூன்று முறை ஜெயித்தது,
கடன் வாங்கித் துறைமுகத்தை ஆழமாக்கியது,
ஒரு புயல் அதை மணலால் திருப்பி நிரப்பியது.
கடன் மட்டும் ஆழமாகவே கிடந்தது.
பிறகு அவரே வளர்த்த நாலு பேர்
ஒரே ராத்திரியில் எதிர்வரிசைக்கு மாறி உட்கார,
எட்டுக்கு ஏழு.
ஏழில் ஒன்று அவருடையது.

நான் சொன்னேன், ஒன்பது.
விளங்காமல் பார்த்தார்.
ஒன்பது ஓட்டில் தோத்தேன், சார். நானும் முன்னாள்தான்.

பெண்களுக்கென்று ஒதுக்கிய வருஷம்.
பேனரில் என் வீட்டுக்காரர் ஆளுயரம், நான் பாஸ்போர்ட் அளவு.
சின்னம் பூட்டு சாவி.
ஜெயித்தபின் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார்.
ஒரு மழைநாள் கூட்டத்தில், எல்லார் முன்னாலும்,
‘எந்திரிங்க’ என்றேன்.
அன்றைக்குத்தான் நான் பதவியேற்றேன்.
செக்கில் கையெழுத்துப் போடாமல்
துணைத்தலைவர் எட்டு மாதம் இழுத்தடித்தும்
மேல்நிலைத் தொட்டி கட்டினேன். முப்பதாயிரம் லிட்டர்.
இப்போது இடுப்பில் பதினெட்டு அறைச் சாவி.
சின்னம் என்னை விட்டுப் போகவில்லை.

சொர்ணவல்லி இதை எப்படி மாற்றிச் சொன்னாளோ,
அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.
தொட்டியைப் பார்க்க வேண்டுமாம்.

ஆத்தங்குடி ரோட்டில் இறங்கி
கருவேலம் புதர்களைத் தாண்டி நடந்தோம், நாங்கள் ரெண்டு பேர்தான்.
என் பெயர் மேல் நீலப் பெயின்ட், அதன்மேல் புதுத் தலைவர் பெயர்.
சாய்ந்த வெயிலில் ‘மீனாள்’ மட்டும்
உள்ளிருந்து லேசாக உப்பித் தெரிந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
தூணைத் தட்டினார். குனிந்து வால்வைத் தொட்டு
விரலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.
ஒழுகவில்லையா?
இல்லை சார்.
எத்தனை வருஷம்?
ஆறு.
‘ஓ’ என்றார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.
எனக்குப் பிடித்திருந்தது.

முன் என்றால் போனதா, எதிரே நிற்பதா,
எங்கள் பாஷையில் ரெண்டும்தான்.
அதைச் சொல்ல வெந்நீரும் துண்டும் போதவில்லை.

ரோட்டுக்கு வந்தபோது தேவகோட்டை பஸ்.
ஜன்னலெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
அவர் வலது கை தானாக உயர்ந்தது,
விரல் சேர்ந்து, உள்ளங்கை வெளியே,
திறந்த காரில் பதினைந்து வருஷம் உயர்ந்த கை.
பஸ் பிரேக் போட்டுப் புழுதியோடு நின்றது.
“எங்க போகணும்? ஏறுங்க, ஏறுங்க.”
ஏறலண்ணே, என்றேன்.
“அப்புறம் எதுக்குக் கையக் காட்டுறீங்க?”
விசில். போய்விட்டது.

புழுதி அடங்கியும் அவர் கையை முழுசாக இறக்கவில்லை.
நின்றது பார்த்தாயா, என்பது போல
என்னைத் திரும்பிப் பார்த்தார்.