மாத வருமானம் என்னும் கட்டம்

சிலோயே தீவில், காஸ்த்ரோ ஊர் வங்கியில்,
வீட்டுக்கடன் படிவத்தில்
அந்தக் கட்டம் தீப்பெட்டி அகலம்.
பதினெட்டு வருடத்தை இதற்குள் எப்படி எழுத, என்றேன்.
"கடைசி மூன்று மாதம் போதும்" என்றான் பாரியா,
கண்ணாடியைத் துடைத்தபடி.

கடைசி மூன்று மாதம் இன்னும் வரவில்லை.
ஒப்பந்த ஊழியர்களுக்குப் பட்டுவாடா மார்ச்சில்.

முதல் வருடம்
கடற்சிங்கங்களின் சாணத்தைச் சல்லடையில் அலசினேன்.
கூலி: மதியச் சூப்பு,
ஆராய்ச்சிப் படகில் ஈரமான ஓர் இருக்கை,
கட்டுரையின் அடியில் என் பெயர்.
ஒயார்சூனில் ஓர் எழுத்து குறைவு.

பிறகு உதவித்தொகை.
வாடகை போக மிஞ்சியது உருளைக்கிழங்கு.
முனைவர் பட்டம் வாங்கிய வாரம்
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி லாவுத்தாரோ
விருந்துக்குப் பணம் கட்டினான்,
மீதிச் சில்லறையை எண்ணாமல்.

சால்மன் பண்ணை மூன்று மடங்கு தந்தது.
ஒரு மீனுக்கு எத்தனை கடற்பேன் என்று எண்ணினேன்.
எண்ணிக்கை கூடிய நாளில்
"பக்கத்துக் கூண்டிலும் எண்ணிப் பாருங்களேன்"
என்றார் மேலாளர், மிக மரியாதையாக.
அந்த வருடம்தான் பற்களைச் சரிசெய்துகொண்டேன்.
சரிசெய்த பற்களை
இரவெல்லாம் நறநறத்தேன்.

இப்போது அரசு ஆய்வகம். அதில் பாதி.
மட்டிச் சதையை அரைத்து
சிவப்பலையின் விஷத்தை அளக்கிறேன்.
எண்பதைத் தாண்டினால் கையெழுத்திடுவேன்;
விரிகுடா மூடும்.
அன்று முக்குளிக்காத அத்தனை பேரின் கட்டத்திலும்
என் பேனாதான் பூஜ்யம் எழுதும்.
எனக்கு அன்றும் சம்பள நாள்,
மார்ச்சில் வந்தாலும்.

"நவம்பரில் லின்காய் விரிகுடாவை மூடியது..."
பாரியா பாதியில் நிறுத்தினான்.
"என் மச்சான் அங்கேதான் மட்டி எடுக்கிறான்.
இரண்டு தவணை நான் கட்டினேன்."

தொண்ணூற்றாறு, என்றேன்.

"என்ன?"

அன்றைய அளவு. தொண்ணூற்றாறு.

அவன் தலையசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.
எவரோ பின்னால் இருமினார்கள்.
டோக்கன் எண் மாறியது.
படிவத்தைத் தன் பக்கம் திருப்பி
கட்டத்துக்கு வெளியே, ஓரமாக,
'மார்ச்சில் வரும்' என்று எழுதினான்.

பென்சிலால்.