ஆ வேர்

பதினோரு பக்கம். கெட்டி அட்டை.
மூலையைக் கடித்தது யாரென்று கேட்க வேண்டாம்,
பல் தடம் அப்படியே இருக்கிறது.
நர்ஸ் ஒடில்யா கையில் திணித்து அனுப்பினாள்:
"தினம் ஒரு தடவை, சேர்ந்து உட்கார்ந்து படிங்க.
ரெண்டரை வயசு. இன்னும் விரலாலதானே பேசறா."

போர்வெனிரில் காற்றுதான் முதலில் பேசும்.
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கி
இரவெல்லாம் அது சொல்லி முடித்த பிறகு
மிச்சமுள்ள இடத்தில் நாங்கள்:
உப்பு எங்கே. கதவைச் சாத்து. வரேன்.
வீட்டில் புழங்கியது அவ்வளவுதான்.
குழந்தையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நான் நன்றாகவே வாசிப்பேன்.
தொழிற்சாலையில் எட்டு மணி நேரம்
நண்டுக்கால் நண்டுக்காலாக உடைத்துவிட்டு
சோப்புக்கும் போகாத வாடையோடு
அவளை மடியில் இருத்தி,
கடல்நாய் தன் செருப்பைத் தேடுகிற கதையை
ஏற்ற இறக்கத்தோடு, ஒரே மூச்சில்,
மூன்றரை நிமிடத்தில் கரை சேர்ப்பேன்.
மைலேன் ஜன்னலைப் பார்ப்பாள்.
ஜன்னலில் ஒன்றுமில்லை. காற்று இருந்தது.

எவரிஸ்தோவுக்கு வாசிக்க வராது.
வராது என்றால், வரும்,
இருட்டில் படி இறங்குகிறவனைப் போல வரும்.
ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு
ஆட்டுரோமம் கத்தரிக்கப் போனவன்.
இப்போது ஜலசந்தியைக் கடக்கும் படகில் கயிறு வீசுகிறான்.
மின்கட்டண ரசீதைக்கூட என்னிடம்தான் நீட்டுவான்.
ஜூனில் எனக்கு இரவு ஷிப்ட் விழுந்தபோது
வேறு வழியில்லாமல்
புத்தகம் அவன் கைக்குப் போனது.

ஒருநாள் நண்டுப் படகுகள் வரவில்லையென்று
பாதியில் அனுப்பிவிட்டார்கள்.
பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றேன்.
விறகடுப்பின் பக்கத்தில் இரண்டு பேரும்.
அவன் விரலில் எச்சில் தொட்டு
"ஆ வேர்..." என்கிறான்.
எங்கே, பார்ப்போம் என்று அர்த்தம்.
எஞ்சின் மூடியைத் திறக்கும்போதும் அதையேதான் சொல்வான்,
காய்ச்சலா என்று நெற்றியைத் தொடும்போதும்.
பக்கம் புரள்கிறது.
"கடல்... நாய்... தன்... செ..."
நிற்கிறான். சொல் பிடிபடவில்லை.
அந்த இடைவெளியில் ஒரு லாரி போகலாம்.
மைலேன் நிமிர்ந்து அவன் வாயையே பார்க்கிறாள்,
முட்டை பொரியக் காத்திருக்கிறவள் மாதிரி.
"செருப்பு!"
இரண்டு பேருக்கும் சிரிப்பு.
"ஆமா, இதுக்கு ஏதுடி காலு?"

அது புத்தகத்தில் இல்லை.
அத்தனை முறை வாசித்தும்
எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.
அவள் யோசித்தாள்.
தன் காலுறையை உருவி
படத்தின் மேல் வைத்தாள்.

அன்று அவர்கள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.
சொல்லக் கூச்சம்தான்,
எனக்குப் பொறாமையாக இருந்தது.

செப்டம்பர். சனிக்கிழமை.
காற்று மிஞ்சியதால் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
எவரிஸ்தோ அக்கரையில் மாட்டிக்கொண்டான்.
புத்தகத்தை நான் எடுத்தேன்.
வழக்கம்போலக் கிளம்பினேன், முதல் பக்கம், அடுத்து இரண்டு...
என் கட்டைவிரலையும் சேர்த்து
ஒரு சின்னக் கை அட்டையை மூடியது.

பிடுங்கிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்தாள்.
விரலை என்ன, பாதிக் கையை வாயில் விட்டு நனைத்து
"ஆ வேர்" என்றாள்.

பிறகு நர்ஸ் ஒடில்யா அட்டையில் குறிக்கக் கேட்டாள்:
முதல் சொல், புத்தகத்தில் எந்தப் பக்கம்?
எந்தப் பக்கத்திலும் இல்லை என்றேன்.
பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில்.
அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

ஆனால் அந்த இரவில்
அவள் அதைச் சொல்லிவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கடல்நாய்" என்று தொடங்கினேன்.
நன்றாகத் தெரிந்த சொற்கள்தான்.
நின்றேன்.

ஒன்பது மணிக்கு அக்கரையிலிருந்து கூப்பிட்டான்.
"படிச்சீங்களா?"
"ரெண்டு பக்கம்" என்றேன்.