விலாசம்

கீழச்சிவல்பட்டிச் சரக்கு அது.
சாவி தொலைந்த தேக்குப் பெட்டி,
மங்குத் தட்டுகளோடு சேர்த்து ஒரே விலை.
நடுச்சாமத்தில் நெம்பித் திறந்தால்
கொசுவலையில் சுருட்டி வைத்த
இரட்டைக் குழல்.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
இருபத்தாறு வருஷமாகக் கடை.
கதவை விற்றிருக்கிறேன்,
கதவு போனபின் நிலையை விற்றிருக்கிறேன்,
யாரோ கும்பிட்ட சாமிப் படத்தைச்
சட்டத்துக்காக விற்றிருக்கிறேன்.
துப்பாக்கி மட்டும் கைக்கு வந்ததில்லை.
தூக்கியதும்
தோள் தானாக இடம் கொடுத்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்து வாடை எப்போதோ போய்விட்டிருந்தது.
ஒரு குழலில் குளவி மண் பூசிக்
குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.
அடிக்கட்டையில் கறுத்த வெள்ளித் தகடு.
புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க
மேலே ரங்கூன் என்று இங்கிலீஷில்,
கீழே தமிழில்
வயி. அரு. நா.

அந்த விலாசம் எனக்குத் தெரியும்.
பள்ளத்தூரிலிருந்து வந்த
குத்துப்போணியின் கழுத்தில் இருந்தது.
அதை விற்ற காசில்தான் போன தையில்
பரிதாவின் கம்மலை மீட்டேன்.

கொச்சிக்காரன் போனில் ஒரு தொகை சொன்னான்,
எண்ணால் எழுதினால் போதாது,
எழுத்தாலும் எழுத வேண்டிய தொகை.
தகட்டை மட்டும் பெயர்த்துவிடு என்றான்.
தகட்டில் நாலு திருகாணி.
ஒன்றைக் கழற்றிவிட்டேன்,
மறைத்து என்ன ஆகப்போகிறது?
இரண்டாவது சுற்றவில்லை. அல்லது
கை சுற்றவில்லை.
விடிந்ததும்
கழற்றியதைத் தேடித் தரையெல்லாம் தவழ்ந்தேன்.

ஸ்டேஷனில் முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள்.
பெட்டி எப்படி வந்தது,
எதற்குத் திறந்தாய்,
ஏன் நேற்றே வரவில்லை.
மூன்றாவதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.
தொண்ணூற்றேழு ஐப்பசியில் எழுதிய புகார்
எலி தின்றது போக மிச்சம் இருந்தது.
நம்பர் பொருந்தியது.

கோர்ட், கலெக்டர் ஆபீஸ், புது லைசென்ஸ்,
ஏழு மாசம் கழித்து
உமையாள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.
குழலைப் பார்க்கவில்லை.
தகட்டைத் தடவினாள்.
ஒரு திருகாணி மட்டும் புதுசா இருக்கே?

நான்தான் கழற்றினேன், என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.
திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை.
கார் ஓட்டுவீங்களா என்று கேட்டாள்.

புதுவயல் ரைஸ் மில்லில்
தவிட்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார் இருளப்பன்.
அந்த வீட்டுக் காவலுக்கு இருந்தவர்.
அப்பா எழுதிக் கொடுத்த பேர்,
மூணு நாள் வச்சு அடிச்சாங்க,
அவள் வழியில் சொன்னது அவ்வளவுதான்.

பாயைப் பிரித்துக் காட்டினாள்.
அண்ணே, இது கிடைச்சிருச்சு.
அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.
மில் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.
அவர் குனிந்து பார்த்தார்,
நெடுநேரம்,
முகம் மறந்த ஆளைப் பார்ப்பதுபோல.
தூக்கிப் பாருங்கண்ணே என்றாள்.

தவிடு ஒட்டிய இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.
வேண்டாம் ஆச்சி, ரேகை விழும்.

திரும்பி வரும்போது
பின் சீட்டில் துப்பாக்கி,
அதன் பக்கத்தில் அவள்.
கோட்டையூர் வரை இருவரும் பேசவில்லை.

அந்தத் திருகாணி இன்னும் அகப்படவில்லை.
கடை கூட்டும்போதெல்லாம்
குப்பையைக் கொட்டும் முன்
ஒருமுறை கிளறிப் பார்க்கிறேன்.