பார்க்க மட்டும்

கோப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்:
வடக்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு,
ஐந்தாம் தசமம் வரை.
அந்த எண்களோடு போய்
இருட்டில் கை நீட்டினாலும்
ஆஸ்பென் பட்டை விரலில் தட்டும்.

எஸ்தோனியாவின் வடகிழக்குக் காட்டில்
எங்களுக்குத் தெரிந்த பறக்கும் அணில்கள் எல்லாம்
என் அட்டவணையில்தான் தூங்குகின்றன.
தார்த்துவில், மூன்றாம் மாடியில், ஹீட்டர் ஓரமாக
நான் அவற்றின் காவல்காரி.
விலங்கியல் படித்தவள் இல்லை.
யார் எதைப் பார்க்கலாம் என்று
கட்டத்தில் டிக் போடுவது என் உத்தியோகம்.

ஹெல்துர் திருத்தலாம்.
மாரிகா திருத்தலாம், அழிக்க முடியாது.
வனத்துறைக்குப் பத்துக் கிலோமீட்டர்ச் சதுரம்,
உள்ளே எங்கோ, அவ்வளவுதான்.
பத்திரிகைக்காரர்களுக்கு அணிலின் படம்.
பெரிய கண். எல்லோருக்கும் பிடித்துப்போகும்.

கூடுள்ள மரம் எதுவென்று தெரிந்தால்
நிலத்துக்காரர் முந்திக்கொள்ளலாம்.
ஆய்வாளர் வருமுன் மரம் சாய்ந்துவிட்டால்
அங்கே அணில் இருந்ததே இல்லை.
தெரியாவிட்டாலும் சாயும்,
வன்மம் ஏதுமின்றி,
ஒரு செவ்வாய்க்கிழமை வேலையாக.
இரண்டும் எனக்குத் தெரியும்.
டிக் போட இருப்பதோ ஒரே கட்டம்.

பிப்ரவரியில் ஒரு மாணவன்,
பிரிண்டர் படுத்துகிறது என்று,
'இணைப்பு உள்ள யாரும்' என மாற்றிவிட்டுத்
தூங்கப் போய்விட்டான்.
முகம் காட்டாதவருக்கு
மென்பொருளே ஒரு விலங்கின் பெயர் சூட்டும்.
காலையில் பதிவேட்டில் பார்த்தேன்:
இரவு இரண்டு நாற்பது. பெயரிலி மரநாய். நான்கு நிமிடம்.
"அணில்தின்னிதானே அது" என்று ஹெல்துர் சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.
பூட்டினேன். பூட்ட ஒரு சொடுக்குப் போதும்.
அந்த நான்கு நிமிடத்துக்குத்தான்
பூட்டு இல்லை.

மார்ச்சில், அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல்.
கால்யு என்றொருவர், மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர்.
"நாளை காலை ஏழுக்கு முப்பத்தெட்டாம் துண்டில் இறங்குகிறேன்.
அங்கே ஏதாவது இருக்கிறதா?
இருந்தால் சொல்லுங்கள், சுற்றிப் போய்விடுவேன்."

இருந்தது. இருநூற்றேழாம் வரி.

விதி சொன்னது: கூடாது.
ஹெல்துர் காட்டில், சிக்னல் இல்லாத இடத்தில்.
மாரிகா பிரசவ விடுப்பில்.
ஒரு வரியை மட்டும் காட்டும் வசதி
அந்த மென்பொருளில் கிடையாது.
திறந்தால் மொத்தக் காடு, மூடினால் ஒன்றுமில்லை.
புதுக் கோப்பு ஒன்று திறந்து
அதில் ஒற்றை மரத்தை நட்டேன்.
பார்க்க மட்டும். நகலெடுக்க முடியாது.
வெள்ளி மாலை ஐந்துக்குக் காலாவதி.

சொன்னபடி ஐந்துக்கு அவர் பெயர் உதிர்ந்தது.
எனக்கு நிம்மதி வரவில்லை.
கோப்பிலிருந்து ஆளை எடுத்துவிட்டேன், சரி,
ஆளிடமிருந்து மரத்தை
எந்தக் கட்டத்தில் டிக் போட்டு எடுப்பது?
ஹெல்துர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
அவர் பக்கம் நியாயம் இருந்தது:
கால்யுவே அந்த மரநாயாக இருந்திருக்கலாம்.
இருநூற்றேழு இன்னும் நிற்கிறது
என்பதால் மட்டும்
நான் செய்தது சரியாகிவிடாது.

மே மாதம், கைபேசியில் எடுத்த ஒரு படம் வந்தது.
வேர்ப்பாசியின் மேல்
மஞ்சளில் புரட்டிய அரிசிபோல் அணில் எச்சம்.
கீழே கால்யு எழுதியிருந்தார்:
"இது நீங்கள் காட்டிய மரமில்லை. வேறு.
எங்கே என்று எழுதலாம்தான்.
எழுதினால் யார் யார் பார்ப்பார்கள்?"

மூன்று பெயர்களை அனுப்பினேன்.
நான்காவதாக அந்த நான்கு நிமிடத்தையும்
மறைக்காமல் சேர்த்தேன்.

அரை நாள் ஆயிற்று.
நானூற்றுப் பதின்மூன்றாம் வரி வெறுமையாய்த் துடிக்கிறது.
அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.